மெர்சி அக்காவுக்கு ஜெரோம் தேடிய பாதை

அன்று வெள்ளிக்கிழமை. காத்தான்குடியில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்து கைப்பேசியைத் திறந்தேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் குழுவில் ஒரே ஒரு வரி கிடந்தது: "ஜெரோம் அண்ணன் போயிட்டார்." எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்த வாரம் போகவேண்டிய பாதையைப் பார்த்துவர எங்களிடம் சொல்லாமல் கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். அவர் அப்படிச் செய்கிறவர்தான். "எந்தப் பக்கம்?" என்று எழுதி அனுப்பியும் விட்டேன். சற்று நேரத்தில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரான தினேஷ் அழைத்தார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம். பள்ளிவாசல் மதிலோடு சாய்ந்து நின்றேன். என் கேள்வி இன்னும் அந்தக் குழுவில் பதிலில்லாமல் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.

ஜெரோமை உங்களில் பலருக்கு நீர்ப்பாசன அலுவலகத்தில் வேலை பார்த்தவராகத் தெரியும். நான் அதே அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவன். அவருக்குப் பக்கத்து மேசை. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய பழைய சைக்கிள்களுக்கிடையில் ஒரு மலைச் சைக்கிளைத் தேடிப் பிடித்து வாங்கிவந்து அலுவலக வாசலில் நிறுத்தினார். எல்லாரும் சிரித்தோம். "மட்டக்களப்பில மலை எங்க மச்சான்?" என்று கேட்டேன். "மலை இல்லாட்டி என்ன? மணல் இரிக்கி, கிறவல் மண் ரோட்டு இரிக்கி, குளக்கட்டு இரிக்கி. இந்த டயருக்கு அது போதும்" என்றார். அடுத்த மாதம் எனக்கும் ஒன்று வாங்க வைத்துவிட்டார்.

என்னுடைய முதல் ஓட்டம் செட்டிபாளையத்துப் பக்கம். அப்போது எனக்கு நல்ல தொந்தி. பள்ளிக்கூடம் விட்ட பிறகு சைக்கிள் மிதித்ததே இல்லை. அவர் பெரிய வீதியை விட்டு இறங்கி, வாவிக் கரையோடு போகும் ஒழுங்கையில் என்னைக் கூட்டிப்போனார். ஒரு பக்கம் தென்னை நிழல், மறுபக்கம் தண்ணீர். வீச்சு வலை போடுகிறவர்கள் இடுப்பளவு நீரில் நின்றார்கள். மூச்சு வாங்கத் தொடங்குகிறது என்று எனக்கே தெரிவதற்குள் ஒரு தேநீர்க் கடை வந்தது. தற்செயல் என்றுதான் நினைத்தேன். கடைக்காரர் ஜெரோமைப் பார்த்து, "இண்டைக்கும் வந்திட்டீங்களா?" என்று கேட்டபோதுதான் விசயம் விளங்கியது. எனக்காக அந்த வாரம் முழுவதும் அவர் அந்தப் பாதையில் போய்வந்திருக்கிறார். "புதுசா வாறவனுக்கு ரோட்டக் காட்டக் கூடா நசீர். தண்ணியக் காட்டணும். அதப் பாத்துக்கிட்டே வந்திருவான்" என்றார். காற்றைப் பற்றியும் ஒன்று சொல்வார்: "போகக்குள்ள முகத்தில அடிக்கட்டும், வரக்குள்ள முதுகில தள்ளணும்." திரும்பி வரும்போது நானே சைக்கிளை ஓட்டுகிறேனா, காற்று ஓட்டுகிறதா என்று தெரியாமல் வந்தேன். இறங்கும்போது, நாளைக்கும் போவோமா என்று கேட்டவன் நான்.

இப்படி எத்தனையோ பேருக்கு அவர் முதல் பாதை தேடிக் கொடுத்தார். ஒருவருக்கு மட்டும் கடைசிவரை முடிவு செய்யவில்லை. அது அவருடைய மனைவி மெர்சி அக்கா.

மெர்சி அக்கா பதுளைப் பக்கம் பிறந்தவர். அங்கே வீட்டு வாசலிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம் அல்லது இறக்கம்; பெண்பிள்ளைகள் சைக்கிள் பழகுகிற இடமல்ல. கலியாணம் செய்து இங்கே வந்த நாளிலிருந்து, சந்தைக்கும் கோயிலுக்கும் சைக்கிளில் போகும் பெண்களைப் பார்த்துக்கொண்டே நடந்து திரிந்தவர். மகள் படித்து வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போன பிறகு, ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "எனக்கும் ஒண்டு வாங்கித் தாங்களன்" என்று கேட்டிருக்கிறார். ஜெரோம் மறுநாளே சிறிய சட்டம் போட்ட மலைச் சைக்கிள் ஒன்றோடு வந்தார். கல்லடிக் கடற்கரைக்குப் பக்கத்தில் இறுகிய மணல் வெளியில் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு அவர் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். மெர்சி அக்கா விழுந்தார், எழுந்தார், சேலையை விட்டுச் சல்வாருக்கு மாறினார், திரும்பவும் விழுந்தார். ஒரு மாலையில் ஜெரோம் கையை விட்டது தெரியாமல் வெளியின் மறுமுனை வரை போய்விட்டு, இறங்கத் தெரியாமல் அங்கிருந்து கூப்பிட்டார். அன்று ஜெரோமுடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஜெரோம் பாதை தேடத் தொடங்கினார். அவருக்குப் பிடித்தது உன்னிச்சைக் குளக்கட்டு. சைக்கிள்களைச் சின்ன லொறியில் ஏற்றி வாவிக்கு அக்கரையான படுவான்கரை வரை கொண்டுபோய், வட்டை என்கிற வயல்வெளி தொடங்கும் இடத்தில் இறக்கிவிட்டால், இரண்டு பக்கமும் வயல், நடுவே வாய்க்கால் ஓரப் பாதை, கடைசியில் குளம். வானம் தெளிந்த காலையில் தண்ணீருக்கு அப்பால் தூரத்து மலைகள் நீலமாகத் தெரியும். "அவ ஊர விட்டு வந்து எவ்வளவு காலம். சைக்கிள்ல போய் இறங்கி மலையப் பாக்கட்டும்" என்றார்.

அந்தப் பாதையை நானும் அவரும் எத்தனை முறை ஓடிப் பார்த்தோம் என்று சொல்லத் தெரியாது. ஒவ்வொரு முறையும் ஒரு குறை இருந்தது. கச்சான் காற்று அடிக்கிறது, கண்ணுக்குள் மண் போகும் என்றார். காற்று நின்றதும், மாரி வருகிறது, வாய்க்கால் கரை வழுக்கும் என்றார். மாரி போனது, நெல் வெட்டு மெசின்கள் பாதையைக் கிண்டிவைத்திருந்தன. பிறகு யானை வந்ததாக ஒரு கதை. குளக்கட்டில் ஏறும் இடத்தில் சின்ன ஏற்றம் ஒன்று இருக்கிறது. அதில் மட்டும் நின்று நின்று யோசிப்பார். ஒருநாள் எனக்கே அலுத்துவிட்டது.

"மச்சான், அவ ஓடுவா. கூட்டிட்டு வா."

"முதல் ஓட்டம் பிழைச்சா அவ மறுகா ஏற மாட்டா, நசீர்."

"ஏன் அப்பிடிச் சொல்றாய்?"

அப்போதுதான் தோணிக் கதையைச் சொன்னார். கலியாணம் முடித்த புதிதில், வாவியைக் காட்டுகிறேன் என்று மெர்சி அக்காவைத் தோணியில் ஏற்றிப் போயிருக்கிறார். நடு வாவியில் காற்று எழும்பிவிட்டது. மெர்சி அக்கா வாந்தி எடுத்து, அவருடைய சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டே கரை வந்து சேர்ந்திருக்கிறார். "கரைக்கு வந்து ஒரு சொல்லும் பேசல்ல. முகம் வெளுத்துப் போய் இருந்தா. அதுக்குப் பிறகு அவவ ஒரு இடத்துக்கும் இப்பிடிக் கூப்பிட எனக்கு வாய் வரல்ல. இந்தச் சைக்கிள் அவவாக் கேட்டது. இதையும் நான் கெடுத்துப் போடக் கூடா." அன்றும் பாதையை முடிவு செய்யாமல் திரும்பினோம். மெர்சி அக்கா கல்லடி வெளியிலேயே வட்டம் சுற்றிக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்த சில நாட்களுக்குப் பிறகு நானும் என் மனைவியும் அவர்களுடைய வீட்டுக்குப் போனோம். மகள் உள்ளே, வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். விறாந்தையில் இரண்டு சைக்கிள்களும் ஒன்றையொன்று தொட்டபடி நின்றன. மெர்சி அக்கா அவற்றுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி இது:

"நசீர் தம்பி, எனக்கெண்டு எந்த ரோட்டப் பாத்து வெச்சிருந்தவர்?"

உன்னிச்சை என்றேன். காற்று, மழை, யானை, ஏற்றம், எல்லாவற்றையும் சொன்னேன். தோணிக் கதையைக் கடைசிக்கு வைத்தேன். அதையும் சொல்லிவிட்டேன், சொல்லாமல் வைத்திருக்க முடியவில்லை.

அவர் மெதுவாகச் சொன்னார்.

"அது பயத்தில வந்த வாந்தி இல்ல தம்பி. மகள் அப்ப வயித்தில. எனக்கே ரெண்டு கிழமைக்குப் பிறகுதான் தெரியும். எனக்குத் தோணி நல்ல விருப்பம். மறுகா ஏன் கூப்பிடல்ல எண்டு நானும் கேக்கல்ல. இவருக்கு என்னோட போறது கரைச்சலாக்கும் எண்டு விட்டிட்டன்."

என் மனைவி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். மெர்சி அக்கா சைக்கிளின் ஆசனத்தைத் தடவியபடி, "நல்ல ரோட்டு எதுக்கு? அவர் கூட வந்தா நான் எந்த ரோட்டாலயும் போயிருப்பன்" என்றார்.

இவ்வளவு காலம் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்ட இருவர். ஒருவர் மற்றவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கூப்பிடவில்லை. மற்றவர் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று கேட்கவில்லை. அன்பு குறைந்து நடந்ததல்ல இது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு மெர்சி அக்காவே தினேஷுக்கு அழைத்து, உன்னிச்சைக்குப் போகவேண்டும் என்றிருக்கிறார். போனோம். பாதையில் கிறவல் கொட்டிப் பரவாமல் கிடந்தது. வாய்க்கால் கரையில் மாடுகள் மறித்து நின்றன. ஜெரோம் இருந்தால் அன்றைக்கு எங்களைத் திருப்பி அழைத்து வந்திருப்பார். மெர்சி அக்கா மாடுகளுக்கு மணி அடித்து, கிறவலில் இறங்கித் தள்ளி, மீண்டும் ஏறி ஓட்டினார். குளக்கட்டு ஏற்றத்தில் பாதியில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். அதில் ஒரு குறையும் அவருக்குத் தெரியவில்லை. மேலே போய்ப் பார்த்தால் பனிப்புகார் மூடிக் கிடந்தது. மலை எதுவும் தெரியவில்லை. நாங்கள் சங்கடப்பட்டு நின்றோம். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்தார்.

"நல்ல இடம். மலை தெரியாட்டிப் பரவாயில்ல" என்றார். "திரும்பியும் வருவம்."

திரும்பி வரும்போது ஒன்றைக் கவனித்தேன். முன்னால் போய்ப் பழகிய நான், யாரும் சொல்லாமலே மெர்சி அக்காவுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். அவர் நின்றால் நானும் நின்றேன். புதியவருக்குப் பின்னால் வருவது ஜெரோமுடைய இடம். முன்னால் போகிறவன் பாதையைத்தான் பார்ப்பான், பின்னால் வருகிறவன்தான் ஆளைப் பார்ப்பான் என்பார். அந்த இடத்தை நான் எடுத்துக்கொண்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுதான்.

அவருடைய காத்திருப்பை வைத்துக்கொள்ளவில்லை. போன கிழமை அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஒருவர் என் மேசைக்கு வந்து, தானும் சைக்கிள் ஒன்று வாங்கியிருப்பதாகச் சொன்னார்.

"எனக்கு லேசான ரோட்டொண்டு பாத்துச் சொல்லுங்களன் அண்ணன். காலம் நேரம் பாத்துப் போவம்."

"ஞாயித்துக்கிழம விடிய வெள்ளண வாங்க" என்றேன்.

"இந்த ஞாயிறா?"

"ஓம். இந்த ஞாயிறு."