ஃபிராவ் கோகனின் ஏழு இழுப்பறைகள்

1. வியாழக்கிழமை வந்த கடிதம்

தாமார் என்ற பெண் ஹைஃபாவிலிருந்து வந்து என் மேசையில் ஒரு கடிதத்தை வைத்தபோது, அந்தக் கடிதத்துக்குரிய அட்டையை நான் குப்பைக்கு அனுப்பி ஒரு நாள் ஆகியிருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது.

நூலக வேலைக்கு அவுஸ்பில்டுங் செய்யலாமா என்று இங்கே ஜெர்மனியில் இருக்கும் நம்முடைய தமிழ்ப் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். மூன்று வருடத் தொழிற்பயிற்சிதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். என்னால் முடிந்தது உங்களாலும் முடியும். இப்போது வுப்பர்டாலில் இருந்து தினமும் ரயிலேறிப் போய், பக்கத்து நகரமொன்றில் யூதர்களின் வழிபாட்டு இடமான சினகோக்கில், அதன் நூலகத்தில் வேலை செய்கிறேன். அங்கே நான் விட்ட மிகப் பெரிய பிழையைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

அந்த நூலகத்தை உருவாக்கியவர் ஃபிராவ் கோகன். (ஃபிராவ் என்றால் திருமதி, ஹெர் என்றால் திரு.) உக்ரைனின் ஒடெசாவில் ஒரு தொழிற்சாலை நூலகத்தில் இருந்தவர். இங்கே வந்தபோது அவருடைய படிப்பு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அலுவலகங்களைத் துப்புரவு செய்துகொண்டே, சினகோக்கில் கோட்டுகளைத் தொங்கவிடும் அறையில் இரண்டு புத்தகத் தட்டுகளோடு நூலகத்தைத் தொடங்கினார். ஓய்வு பெறும் வருடத்தில், யூத நூலகர்களின் சங்கம் அவரைக் கௌரவிக்க முடிவுசெய்தது. பரிந்துரைக் கடிதத்தை எழுதியது நான். ‘புத்தகத்துக்கு ஒன்றாகத் தன் கையால் எழுதிய கட்டலாக் அட்டைகளே இவருடைய வாழ்நாள் பணி’ என்று அதில் எழுதியிருந்தேன். எழுதிய நானே அந்த அட்டைகளை எறிந்தேன்.

நடந்தது இதுதான். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக அவர் ஐந்து வாரம் விடுப்பில் போனார். ஞாயிறு விழாவுக்கு அவர் திரும்பி வரும்போது பதினொரு இழுப்பறை அட்டைகளும் கணினியில் இருக்கவேண்டும் என்று நினைத்து ராப்பகலாகத் தட்டினேன். தலைப்பு, ஆசிரியர், வருடம், தட்டு எண். வேகமாகவும் பிழையில்லாமலும் செய்தேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சபையின் நிர்வாகி ஹெர் மாயர் வந்து பார்த்தார்.

“எல்லாம் உள்ளே போயிட்டுதோ?”

“ஓம், எல்லாம்.”

“அப்ப அந்த அலுமாரி ஏன்? விழாவுக்குக் கேக் மேசை போட இடம் வேணும்.”

அவர் பேசியது ஜெர்மன். எனக்கு வரும் தமிழில் எழுதுகிறேன். ஏழு இழுப்பறை அட்டைகளோடு நீலநிறக் கழிவுக் காகிதத் தொட்டி நிறைந்துவிட்டது. மிச்சம் நான்கையும் பெட்டியில் போட்டு நிலவறையில் வைத்தேன். புதன்கிழமை லொறி வந்து தொட்டியை வெறுமையாக்கிவிட்டுப் போனது.

தாமாரின் கடிதத்தில் ஃபிராவ் கோகனின் கையெழுத்து இருந்தது. ‘உங்கள் பூட்டனார் யூலியுஸ் பாம் என்பவரின் பெயர் எழுதிய பிரார்த்தனை நூலொன்று எங்களிடம் உள்ளது. வந்து பெற்றுக்கொள்ளலாம்.’ கணினியில் பெயரைத் தேடினேன். இல்லை. வேறு எழுத்துக்கூட்டலில் தேடினேன். இல்லை.

“திங்கள் காலமை எனக்குப் பிளேன்,” என்றார் தாமார். “புத்தகம் இருக்குத்தானே?”

ஃபிராவ் கோகனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அதுக்கேன் இவ்வளவு பதற்றம்? அட்டையைத் திருப்பிப் பாரும். பின்பக்கம் எழுதியிருக்கிறன்.”

பின்பக்கங்களில் பென்சில் எழுத்து இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பழைய அட்டைகளை மிச்சம் பிடித்துத் திருப்பிப் பாவிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது யூதர்களின் வீடுகளிலிருந்து பறிபோன புத்தகங்கள் பல கைமாறி அங்கே வந்து சேர்ந்திருந்தன. உள்ளே யாருடைய பெயர், அந்தக் குடும்பத்தில் மிஞ்சியவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், கடிதம் போட்டாயிற்றா, எல்லாம் பின்பக்கத்தில். முன்பக்கத்தில் இருப்பதை எந்த நூலகத்திலும் பார்க்கலாம்.

2. சனிக்கிழமை லீவு

ஹெர் மாயரிடம் முதலில் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

“ஞாயிறு முடியட்டும். அதுக்குப் பிறகு மெதுவாச் சொல்லலாம். அந்த மனிசியின்ர சந்தோசத்தைக் கெடுக்காதையும்.”

ஒரு மணி நேரம் அவர் சொன்னபடி இருந்தேன். பிறகு ஏலாமல் போய் மறுபடி தொலைபேசி எடுத்தேன். சொன்னதும் ஃபிராவ் கோகன் ரஷ்ய மொழியில் ஏதோ திட்டினார், நீளமாக. பிறகு ஜெர்மனுக்குத் திரும்பினார்.

“எத்தனை இழுப்பறை?”

“ஏழு.”

“பிரார்த்தனை நூல்கள்?”

“அதுக்குள்ளதான்.”

“யூலியுஸ் பாமின்ர புத்தகம் எதெண்டு எனக்கு நினைவில்லை. அதுக்காகத்தானே எழுதி வைச்சனான்.”

வெள்ளி மதியம்வரை பிரார்த்தனை நூல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். முன்னூறுக்கு மேல் இருந்தன. பழைய ஜெர்மன் கையெழுத்தை வாசிக்க எனக்கு ஒரு பெயருக்குப் பத்து நிமிடம் பிடித்தது. மதியம் பூட்டவேண்டும், ஷப்பாத் என்ற அவர்களுடைய ஓய்வுநாள் வெள்ளி மாலையே தொடங்கிவிடும்.

“நான் யூதன் இல்லைத்தானே,” என்று ஃபிராவ் கோகனிடம் தொலைபேசியில் கேட்டேன். “சனிக்கிழமை நான் தனிய வந்து செய்யிறன். கதவுத் திறப்பு என்னட்டை இருக்கு.”

“உமக்கு லீவு இல்லாமல் இருக்கலாம். நூலகத்துக்கு லீவு. வீட்டை போய் நித்திரை கொள்ளும்.”

சனிக்கிழமை வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அப்பா உணவகச் சமையலறை வேலைக்குப் புறப்பட்டவர் நின்று பார்த்தார்.

“என்னடா, ஆரோ செத்தமாதிரி இருக்கிறாய்?”

சொன்னேன். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

“எடேய், முன்பக்கம் மட்டும் கொப்பி எடுத்துக் குடுத்தனெண்டுதானே என்ரை விசா அன்ற்ராக்கை, அந்த விண்ணப்பத்தை, திருப்பி அனுப்பினவங்கள். மூண்டு மாசம் அலைஞ்சனான். நீ படிச்சனி, இரண்டு பக்கமும் எண்டு உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?”

எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு முதன்முறையாகச் சாப்பாடு இறங்கியது.

3. கௌரவிப்பு விழா

ஞாயிறு மண்டபத்தில் அறுபது கதிரைகளும் நிறைந்திருந்தன. தாமார் கடைசி வரிசையில் இருந்தார். சங்கத்திலிருந்து வந்தவர் சான்றிதழை வாசித்தார். என் கடிதத்தின் வரிகள் அப்படியே அதில் வந்தன, வாழ்நாள் பணியான அட்டைகள் உட்பட. நான் என் கால் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஃபிராவ் கோகன் ஊன்றுகோலோடு மைக்குக்கு வந்தார்.

“என்னைப் பற்றி நல்லாச் சொன்னீங்கள். அரைவாசி பொய், பரவாயில்லை. இப்ப வேலை இருக்கு. எல்லாரும் அந்தக் கதவால போய் ஆளுக்கு அஞ்சு பிரார்த்தனை நூல் எடுத்துக்கொண்டு வாங்கோ. உள்ள பேர் இருந்தால் சத்தமா வாசியுங்கோ. செந்தூரன் எழுதுவார். ஏனெண்டு அவரே சொல்லுவார்.”

மைக்கை என் பக்கம் நீட்டினார். ஹெர் மாயர் கூரையைப் பார்த்தார். நான் மூன்று வசனங்களில் சொன்னேன்: அட்டைகளை எறிந்தது நான். பின்பக்கத்தை வாசிக்கவில்லை. புத்தகங்களுக்குள் பெயர்கள் இன்னும் இருக்கின்றன.

யாரோ ஒருவர் பெரிதாகப் பெருமூச்சு விட்டார். பிறகு கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது.

ஒரு மணி நேரம் மண்டபம் சந்தை போல இருந்தது. கேக் மேசையில் கேக்கைத் தள்ளிவிட்டுப் புத்தகங்களை அடுக்கினார்கள். “ரோசா எண்டிருக்கு, குடும்பப் பேர் என்ன, உங்களுக்குத் தெரியுதோ?” “கண்ணாடியைத் தாங்கோ முதல்ல!” “இது பேர் இல்லை, இது கோப்பிக் கறை!” நான் மடிக்கணினியில் தட்டிக்கொண்டே இருந்தேன். பழைய கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த நான்கு முதியவர்களுக்கு முன்னால் வரிசையே நின்றது. எனக்குப் பத்து நிமிடம் பிடித்ததை அவர்கள் ஒரு பார்வையில் சொன்னார்கள்.

“பாம்,” என்றார் ஹெர் மாயர். அவர் கையிலிருந்தது உள்ளங்கை அளவு மண்ணிறப் புத்தகம். இன்னொரு தரம், உரத்து: “யூலியுஸ் பாம்!”

தாமார் கடைசி வரிசையிலிருந்து ஓடி வரவில்லை, மெதுவாகத்தான் வந்தார். புத்தகத்தை வாங்கி மேலட்டையில் முத்தமிட்டார். கீழே விழுந்த பிரார்த்தனை நூலை எடுத்தாலும் அங்கே அப்படித்தான் செய்வார்கள். பிறகு உள்ளே திறந்து பெயரின் மேல் விரலை வைத்தபடி நின்றார். ஹெர் மாயர் அவருக்குக் கதிரை எடுத்துப் போட்டார்.

எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. பெயர்கள் கிடைத்தன, ஆனால் யாருக்குக் கடிதம் போட்டது, என்ன பதில் வந்தது என்பதில் பாதி அந்த லொறியோடு போய்விட்டது. அதை ஃபிராவ் கோகன் ஓய்வு பெற்ற பிறகும் செவ்வாய்க்கிழமைகளில் வந்து நினைவிலிருந்து சொல்கிறார், நான் பதிகிறேன். தரவுத்தளத்தில் ‘பின்பக்கம்’ என்றே ஒரு புதிய கட்டம் வைத்திருக்கிறேன்.

நூலக வேலைக்கு வரப்போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: உங்களுக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் காரணமில்லாமல் பென்சிலை எடுத்திருக்கமாட்டார். விளங்காவிட்டால் கேளுங்கள். பிழை விட்டால் விழா முடியும்வரை வைத்திருக்காதீர்கள்.

அன்று மண்டபம் கலைந்த பிறகு ஃபிராவ் கோகன் சான்றிதழைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் எதையோ எழுதி என்னிடம் தந்தார்.

“கட்டலாக்கில் ஏத்தும். இரண்டு பக்கமும்.”

பின்பக்கத்தில் இப்படி இருந்தது: ‘பரிந்துரைத்தவர் – செந்தூரன். அட்டைகளை எறிந்தவர் – அதே ஆள். மறைக்காமல் சொன்னவர் – அதே ஆள்.’

ஏற்றிவிட்டேன். யாரும் தேடிப் பார்க்கலாம்.