கூடத்தில் பதினோரு படங்கள்

என் கணவருக்கு உத்திரமேரூரில் வங்கி குமாஸ்தா வேலை. எந்தப் பெரிய வீட்டில் பாகப்பிரிவினை நடக்கிறது என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். சைக்கிளில் போய், அங்கே சுவரில் தொங்கும் பழைய ஆயில் பெயிண்டிங்கைப் பேரம் பேசி வாங்கி, வேட்டியில் சுற்றிக் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். நான் கல்யாணமாகி வந்தபோது மூன்று படங்கள். ஐந்தாவது வருடம் பதினொன்று. தலைப்பாகை கட்டிய மிராசுதார்கள், நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்த பெண்கள், பனி மூடிய ஏதோ ஒரு மலை. யாருமே எங்களுக்கு உறவில்லை.

வெயில் பட்டால் சாயம் வெளுக்கும் என்று கூடத்து ஜன்னலைத் திறக்க விடமாட்டார். விறகுப் புகை ஆகாது என்று என் அடுப்பு கொல்லைக் கொட்டகைக்குப் போனது. மானாம்பதியில் அம்மா வீட்டுக்குப் போனாலும் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும். "ஆளில்லாத வூட்ல படத்த உட்டுட்டுப் போவ முடியுமா? நீயே சொல்லு," என்பார். அதட்டியதில்லை. அதட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

ஒருநாள் அவர் வேலைக்குப் போன பிறகு திருப்புலிவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிடச் சின்னவள். அவளுடைய அண்ணன்கள் விற்ற, அவள் அம்மாவின் படம் எங்களிடம் இருந்தது. ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். கூடம் இருட்டாக இருந்ததால் ஜன்னலைத் திறந்தேன்.

வெகுநேரம் பார்த்தாள்.

"இது எங்கம்மா மூஞ்சி இல்லக்கா. படம் வரையறவன் வேத்து ஆம்பள, அவன் எதிர்ல குந்தக் கூடாதுன்னு எங்க நைனா சொல்லிட்டாராம். பொடவையும் நகையும் மட்டும் குடுத்து அனுப்பிச்சிகீறாங்க. மூஞ்சிக்கு எங்க மாமன குந்த வெச்சி வரைஞ்சாங்களாம்."

"அப்புறம் இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் வந்தே?"

"அது அவங்க கல்யாணப் பொடவ. நான் பொறக்கறதுக்குள்ளவே கிழிஞ்சி போச்சாம். கலர் இன்னான்னு பாக்கணும்னு இருந்திச்சி."

அவள் போன பிறகும் நான் ஜன்னலைச் சாத்தவில்லை. மறுநாளும் திறந்தேன். அவர் கிளம்பியதும் திறப்பது, சைக்கிள் மணி கேட்பதற்குள் சாத்துவது என்று இரண்டு மாதம் ஓடியது. ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை சீக்கிரமே வந்துவிட்டார். ஜன்னல் திறந்தே கிடந்தது. சுத்தியலை எடுத்து ஜன்னல் கதவில் ஆணி அடித்தார். கை கழுவிக்கொண்டு வந்து, "காபி போட்டுக் குடுக்கிறியா?" என்று கேட்டார்.

போட்டுக் கொடுத்தேன். திங்கட்கிழமை வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு மானாம்பதிக்கு பஸ் ஏறினேன்.

பதினெட்டு நாள் அங்கே இருந்தேன். அத்தனை நாளும் மழை. எப்போது போகிறாய் என்று அம்மா வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் சோறு போடும்போதெல்லாம் அந்தக் கேள்வி அவள் முகத்தில் இருந்தது.

பத்தொன்பதாம் நாள் காலையில் அவர் நனைந்துகொண்டு வந்து நின்றார். "எல்லாப் படத்துலயும் பூஞ்ச புடிச்சிகினு கீது. காத்தே இல்லாம போச்சி. ஆணிய புடுங்கிட்டேன். நீ வந்து தொடைக்கிறியா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் அம்மா என் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் ஒன்றே ஒன்று சொன்னேன். இனி மாதத்தில் நாலு நாள் மானாம்பதியில்தான் இருப்பேன் என்றேன். சரி என்றார். இரண்டு மாதம் அப்படித்தான் நடந்தது. மூன்றாவது மாதம், நான் கிளம்ப வேண்டிய அன்று காலையில், பன்னிரண்டாவது படத்தோடு வந்து இறங்கினார். "இத ஆளில்லாத வூட்ல உட்டுட்டுப் போவ முடியுமா? நீயே சொல்லு," என்றார்.