கட்டிவைத்த கொக்கி

இருபது வருடமாக நூல் முறுக்கும் பட்டறையில் அவள் பார்க்கும் வேலையைச் சொல்வது சுலபம். மூன்று இழை உள்ளே போகும், ஒரு நூல் வெளியே வரும். இழை ஒன்று அறுந்தால் அதன்மேல் தொங்கும் கம்பிக் கொக்கி விழும். அதை முறுக்கிச் சுழலும் கதிர் மட்டும் நின்றுவிடும். பதினோராம் கதிரின் கொக்கி மட்டும் வீண் வம்பு. இழை அறாமலே முப்பது தடவை விழுந்து அவள் உயிரை வாங்கியது. பொறுமை அவளுக்கும் கிடையாது, அவள் கணவனுக்கும் கிடையாது. ஜாடிக்கேற்ற மூடி என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். போன வாரம் கழிவு நூலால் கொக்கியைத் தூக்கிக் கட்டிவிட்டாள்.

கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொண்டது இன்று காலைதான் தெரிந்தது. பதினோராம் கதிருக்கு மேலே இரண்டு நூல்கண்டுகள் காலி. மூன்றாவது அப்படியே நிறைந்திருக்க, அதன் அறுந்த முனை காற்றில் ஆடியது.

அடுத்த கட்டடத்துக் கயிற்றுக்காரரிடம் ஓடினாள்.

“அண்ணே, நேத்து குடுத்த நூல் எங்க?”

“கயிறாக்கியாச்சேம்மா. பாதிக்கு மேல உன் பதினோராங் கதிர் நூல்தான். உன் வீட்டுக்காரர்தான் காலையில வாங்கிட்டுப் போனாரு.”

கணவன் கயிற்றில் தொங்கியபடி உயரக் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். கூட வேலை பார்ப்பவர்கள் அவனைப் பல்லி என்பார்கள்.

“அது ரெண்டிழைண்ணே.”

“நிக்காத, போ.”

இரண்டு தெரு தள்ளி, ஐந்தாம் மாடி உயரத்தில் அவன் தொங்கிக்கொண்டிருந்தான். கத்தினால் திடுக்கிட்டு உதறுவான். அவனாகக் கீழே பார்க்கும்வரை நின்றாள். அந்த நேரம் ஒரு யுகம்.

“என்ன, பகல்லயே புருஷனைத் தேடி வந்துட்டே?”

“ஆமா. எறங்கி வாங்க. ஆடாம, மெதுவா.”

அவள் குரலில் என்ன கேட்டதோ, மறுபேச்சில்லாமல் இறங்கினான். மூன்றாம் மாடியில் வாளி சுவரில் இடித்தது. கயிறு ஒரு தரம் வெடுக்கென்றது.

அவன் கால் தரையில் பட்டதும் மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து கயிற்றை விரலால் தடவிக்கொண்டே போனாள். இருக்கைப் பலகைக்கு ஒரு முழம் மேலே நூல்கள் அறுந்து முள்ளாக நின்றன.

“கொக்கியை நான்தான் கட்டி வெச்சேன்” என்றாள். “சும்மா சும்மா விழுந்துச்சு.”

திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் அறுந்த நூல்களைத் தொட்டுப் பார்த்தான்.

“இது அறுந்தாலும் அந்த ரெண்டாவது கயிறு பிடிச்சிருக்கும்ல?” என்று கேட்டாள்.

பக்கத்தில் தனியாகத் தொங்கிய அதுதான் உயிர்க் கயிறு. விழுந்தால் இடுப்புப் பட்டையின் பூட்டு அதைக் கவ்விக்கொள்ள வேண்டும். அவளே குனிந்து பட்டையைப் பார்த்தாள். பூட்டின் நாக்கு கவ்வ முடியாதபடி கம்பியால் இறுகக் கட்டியிருந்தது.

“சும்மா சும்மா மாட்டுச்சு” என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

அவள் கம்பியைப் பிரிக்கத் தொடங்கினாள். அவனும் சேர்ந்து பிரித்தான்.