பெயரில்லாத நீலத் தண்ணீர்

பிள்ளைகளே, பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ரசாயனப் பீப்பாய்களுக்கு லேபல் ஒட்டுவதுதான் என் வேலை. லேபல் இல்லாத பீப்பாயை யாராவது தொட்டால் சத்தம் போடுவேன். அப்பேர்ப்பட்ட அறிவாளி நான், மாசாய் ஊரில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே வேனில் விற்பவரிடம் பழைய எண்ணெய்ப் போத்தலை நீட்டி, துணி துவைக்கும் நீலச் சவர்க்காரம் வாங்கி வந்தேன். போத்தலில் பெயரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. மோந்து பார்த்தேன், மல்லிகை வாசம் அடித்தது. அது போதுமாம் எனக்கு.

எங்கள் பிளாட்டில் துணி துவைத்தால் வாசம் அடுத்த வீட்டுக்காரர் மூக்கில் ஏறவேண்டும். ஒரு மூடி போதும் என்றால் மூன்று மூடி ஊற்றுவோம். பின்பக்க லொங்காங் சாக்கடையில் நுரை வெள்ளையாக ஓடி ஆற்றில் கலக்கும். மீனுக்கு மல்லிகை பிடிக்குமா என்று எவரும் கேட்டதில்லை.

இரண்டாவது மாதம் என் சின்ன மகளுக்குக் கழுத்தும் முழங்கை மடிப்பும் சிவந்து தடித்தன. அவள் சொறிவதைப் பார்த்து வகுப்பில் பக்கத்துப் பிள்ளை தள்ளி உட்கார்ந்ததாம். இனிமேல் பள்ளிக்கே போகமாட்டேன் என்று அழுதாள். சட்டையில் அழுக்குப் போகவில்லை என்று முடிவு கட்டி நான்காவது மூடியும் ஊற்றினேன். தடிப்பு முதுகுக்கும் பரவியது.

கிளினிக்கில் டாக்டரம்மா, "என்ன சோப்பு போடுறீங்க? அதுல என்னென்ன கலந்திருக்கு?" என்று கேட்டார்.

"நீலமா இருக்கும் டாக்டர்," என்றேன்.

அவர் என் சட்டையைப் பார்த்தார். 'லேபலைப் படித்த பிறகே தொடு' என்ற தொழிற்சாலையின் பாதுகாப்பு வாசகம் நெஞ்சில் கொட்டை எழுத்தில் இருந்தது.

வாசனைப் பொருளா, கெடாமல் இருக்கச் சேர்ப்பதா, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கலவை தெரியாமல் சொல்ல முடியாது என்றார். களிம்பு கொடுத்தார். உள்ளே இருப்பதை எழுதியிருக்கும், வாசனை சேர்க்காத சவர்க்காரத்தைக் கொஞ்சமாகப் போட்டு, இரண்டு முறை அலசச் சொன்னார்.

அன்று மாலையே மிச்சமிருந்த நீலச் சவர்க்காரத்தோடு கீழே இறங்கினேன். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு வேன்காரர் சிரித்தார்.

"சபுன்தான் அண்ணே. வாசமா இருக்குல்ல, அப்புறம் என்ன? வேணாம்னா லொங்காங்ல ஊத்துங்க லா."

நான் ஊற்றவில்லை. சட்டைப் பையில் கிடந்த லேபல் ஒன்றில், 'உள்ளே என்னவென்று விற்பவருக்கே தெரியாது' என்று எழுதிப் போத்தலில் ஒட்டி, அவர் வேனிலேயே வைத்துவிட்டு வந்தேன். படித்துப் பார்த்தார். அதற்கும் சிரித்தார்.

டாக்டரம்மா சொன்ன சவர்க்காரத்துக்கு மாறிய சில வாரங்களில் மகளின் கழுத்து தெளிந்தது. திங்கட்கிழமை காலை, உடுத்தும் முன் பள்ளிச் சட்டையை மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ஒரு வாசமும் இல்லையேப்பா. துவைச்சீங்களா இல்லையா?"

மோந்து பார்த்துச் சுத்தம் சொல்ல அவளைப் பழக்கியவன் நான்தான். துவைத்தேன் என்றேன். அவள் நம்பவில்லை. இருந்தாலும் மாட்டிக்கொண்டு பள்ளிப் பேருந்துக்கு ஓடினாள்.