கன்ஹேரிக்கு மாமாவைக் கூட்டிப்போன ஞாயிறு

மாமாவுக்குக் காடு காட்டப் போகிறோம் என்றுதான் அப்பா சொன்னார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. தாராவியில் எங்கள் ஒற்றை அறையில்தான் அவரும் இருந்தார். காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று ராத்திரியெல்லாம் அவர்களோடு சண்டை போடுவார். ஆஸ்பத்திரி மாத்திரைகளைத் துப்பிவிடுவார். பக்கத்து வீட்டு வாசல் திரையை அவர் கொளுத்திய பிறகு, ‘இவனை வைத்துக்கொண்டு இங்கே இருக்க முடியாது’ என்று எங்கள் அறைக்கு வாடகை வாங்கும் வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏழு வயதில் எனக்கும் இதெல்லாம் தெரியும். இருந்தும், வெளியே போகிற சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

போரிவலி காட்டுக்குள் பஸ் பிடித்துக் கன்ஹேரி குகைகளுக்குப் போனோம். பாறைப் படிகளில் மாமா என்னைத் தோளில் சுமந்து ஏறினார். மேலே, கூட்டம் எட்டிப் பார்க்காத ஒரு குகை. எந்தக் காலத்திலோ பிக்குகள் படுத்த கல்மேடையில் உட்கார்ந்து வெகுநேரம் உற்றுக் கேட்டார்.

“அக்கா, இங்க யாரும் பேசல,” என்றார்.

அம்மா எலுமிச்சைச் சோற்றை உருட்டி அவருக்கு ஊட்டினாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. சாப்பிட்டவர் அந்தக் கல்லிலேயே தூங்கிப்போனார். அவர் அவ்வளவு அமைதியாகத் தூங்கி நான் பார்த்ததேயில்லை. மீதிச் சோற்றையும் தண்ணீரையும் அம்மா அவர் தலைமாட்டில் வைத்தாள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“மாமாவ எழுப்பலியா?”

“ஒறங்கட்டும்ட்டி. அடுத்த பஸ்ல வருவான்.”

போரிவலியில் ரயில் காலியாக நின்றது. மாமாவுக்காகப் பக்கத்து இடத்தில் பையை வைத்தேன். ஒருவர் வந்து, யாராவது வருகிறார்களா என்று இந்தியில் கேட்டார். மாமா வருவார் என்றேன். அம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“பைட்டோ பாய்,” என்று அவரை அங்கே உட்காரச் சொன்னாள்.

வழியெல்லாம் அந்த இடத்துக்காக அவளோடு சண்டை போட்டேன். அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

மறுநாள் விடியுமுன் அம்மா தனியாகக் கிளம்பிப் போனாள். குகை காலியாக இருந்ததாம். போலீசிலும் கேட்டாள், காவலாளிகளிடமும் கேட்டாள். மாமா கிடைக்கவேயில்லை. அதன் பிறகும் பல ஞாயிற்றுக்கிழமைகள் போய்வந்தாள். அப்பா ஒரு நாளும் கூடப் போகவில்லை, தடுக்கவுமில்லை. என்னை விட்டுவிட்டு அவள் மட்டும் குகை பார்த்துவிட்டு வருகிறாள் என்ற கோபத்தில், அவள் வீடு திரும்பும்போதெல்லாம் நான் முகம் கொடுத்துப் பேசமாட்டேன்.