தங்கப் பல்லி விழுந்த சனிக்கிழமை

மாதங்கி வீட்டில் முட்டை சாப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. ஆனால் பரண் முழுக்க முட்டை அட்டைகள். செகந்திராபாத்தில் எந்த முட்டைக்கடையில் கேட்டாலும் அவளைத் தெரியும். கொள்ளுத்தாத்தா ரயில்வே வேலைக்கு வந்ததிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு இதுதான் ஊர். நாற்பத்தேழு வயது வரை அவள் தண்டபாணி வீட்டம்மா, அஸ்வினியின் அம்மா. வேலை என்று வெளியே வந்தது இப்போதுதான்.

ஹப்சிகுடாவில் நான் ஆபீஸ் பார்க்கிற மழலையர் பள்ளியில் கைவினை வகுப்புக்கு ஆள் தேடினார்கள். நான்தான் அவளைச் சொன்னேன். ஒரு மாதம் பார்க்கலாம், கண்காட்சி நன்றாக இருந்தால் நிரந்தரம் என்றார் முதலாளி ராஜகோபால் சார்.

ஊர்வன என்று தலைப்பு கொடுத்ததும் மாதங்கிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காலை ஆறு மணிக்கு எனக்குப் போன் அடிப்பாள்.

"கிரிஜா, முதலைக்குப் பல்லு வைக்கணும். உங்க ஆபீஸ்ல வெள்ளை அட்டை இருக்கா?"

முட்டை அட்டை முதலையானது. பேப்பர் தட்டு ஆமையானது. சுருளாக வெட்டிய காகிதம் நூலில் தொங்கிப் பாம்பாகச் சுற்றியது. பதினெட்டுக் குழந்தைகளும் ஆளுக்கொரு பல்லி செய்தார்கள். ஹர்ஷிதா மட்டும் பச்சை வேண்டாம், தங்கக் கலர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். ஸ்வீட் டப்பாவின் ஜிகினாத் தாளைத் தேடிக் கொடுத்தாள் மாதங்கி. ஒட்டுவதற்கு மைதாப் பசைதான். குழந்தைகள் விரலைச் சப்புவார்களாம், கடைப் பசையைத் தொடவே விடமாட்டாள்.

சனிக்கிழமை கண்காட்சிக்குப் பெற்றோர் கூட்டம் நெரிந்தது. பாம்பெல்லாம் சுற்றட்டும் என்ற குஷியில் மாதங்கி ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டாள். பாம்புகள் ஜோராகச் சுற்றின. குழந்தைகள் கத்தின கத்தலில் எனக்கே உடம்பு சிலிர்த்தது. அதே காற்றில் வாசல் நிலைக்கு மேலிருந்த பல்லி ஒன்று பிய்ந்து, உள்ளே நுழைந்த ராஜகோபால் சாரின் தலையில் விழுந்தது.

காகிதப் பல்லிக்கும் பலன் உண்டா என்று கேட்காதீர்கள். ராகுகாலம் பார்க்காமல் செக்கில் கையெழுத்துப் போடாத மனிதர் அவர். நேராக என் மேஜைக்கு வந்து தினசரி காலண்டர் அட்டையைத் திருப்பினார். பல்லி விழும் பலன். தலை: கலகம். முகம் சுருங்கிவிட்டது.

"இந்த வகுப்பு நக்கோம்மா, வேண்டாம். இன்னையோட முடிச்சுக்கலாம்."

விழுந்த பல்லியோடு பின்னால் ஓடிவந்த மாதங்கி, அதை என் மேஜையில் வைத்துவிட்டு ஃபேனை நிறுத்தப் போனாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் காலண்டரைக் கிழித்திருப்பேன்.

அப்போது ஹர்ஷிதா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பெண், வாயைத் திறந்தால் தெலுங்குதான்.

"சார், அதி நா பல்லி! பங்காரு பல்லி! காஞ்சிலோ நேனு முட்டுகுன்னானு!"

போன லீவில் காஞ்சிபுரம் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டு வந்தவளாம். அதைப் பார்த்துத்தான் இதைச் செய்தாளாம். தங்கப் பல்லியைத் தொட்டவர்களுக்குப் பல்லி தோஷம் இல்லை, அவர்களைத் தொட்டாலும் தோஷம் போய்விடும். இது ராஜகோபால் சாருக்குத் தெரியாதா?

குனிந்து கையை நீட்டினார். அவள் பசைக் கையால் சப்பென்று அடித்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை நீட்டினார். பின்னாலேயே நான்கைந்து பெற்றோரும் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ராஜகோபால் சார் அதன் பிறகுதான் சுவரை நிதானமாகப் பார்த்தார். முதலையின் பல்லைத் தொட்டுப் பார்த்தார். ஒரு பாம்பை ஊதிச் சுற்றவிட்டு, அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். தங்கப் பல்லியைத் தானே எடுத்து நீட்டினார்.

"இதை என் ரூம் வாசல்ல ஒட்டிடுங்க மாதங்கி மிஸ். திங்கட்கிழமைலேர்ந்து தினம் வந்துடுங்க."

மிஸ்! மாதங்கி கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு கையிலும் மைதாப் பசை. என் முந்தானையால் நான்தான் துடைத்துவிட்டேன்.