மியூட்டில் இருந்த நாட்கள்

முதலில் நின்றுபோனது ஒரு ஜெபம். ஊரடங்கின் இரண்டாம் மாதம் அது. எங்கள் சபைப் பெண்கள் வாராவாரம் வீடு மாறி நடத்தும் ஜெபக்கூட்டம் அலைபேசிக்குள் வந்திருந்தது. முடிவில் பரமண்டல ஜெபத்தை என்னைச் சொல்லச் சொன்னார்கள். ஐந்து வயதிலிருந்து சொல்லி வருவது. பாதியில் அடுத்த வரி வரவில்லை.

"நெட்வொர்க் இல்ல போல" என்றார் யாரோ. அதைப் பிடித்துக்கொண்டு அழைப்பைத் துண்டித்தேன்.

அப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. கேரளப் பக்கம் கொல்லயிலில் தனியாக இருக்கிறேன். கணவர் இல்லை; மகன் மஸ்கட்டில். முப்பது வருடம் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். எந்த வீட்டுப்பெயரைச் சொன்னாலும் ஆளைச் சொல்லிவிடுவேன். அந்தத் திமிரும் கொஞ்சம் உண்டு. ஆனால் என் அம்மா கடைசி வருடங்களில் என்னைப் பார்த்து, "நீ ஆருக்க பிள்ள மக்கா?" என்று கேட்டவள். அந்த மறதிநோய் எனக்கும் வந்துவிட்டது என்று அன்றே தீர்மானித்துவிட்டேன்.

மகனுக்குத் தெரிந்தால் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவான் என்று பயம். அடுத்த வாரத்திலிருந்து மியூட் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். திரையில் என் பெயர் தெரியும். அதனால் நான் நன்றாக இருப்பதாக எல்லோரும் நினைத்தார்கள்.

தங்கை ஜெயா களியக்காவிளையில் இருக்கிறாள். பஸ்ஸில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் நடுவே மாநில எல்லை, சாலையை அடைத்திருந்தார்கள். "எக்கா, சொகம் தானா?" என்று போனில் கேட்பாள். "சொகம் ஆக்கும்" என்று சொல்லி வைத்துவிடுவேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு பிழைக்கப் பார்த்தேன்.

பிறகு பசி போனது, தூக்கம் போனது. குளித்தேனா என்று துண்டைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. பிரஷர் மாத்திரை போட்டது நினைவில்லாமல் ஒருநாள் மறுபடியும் போட்டு, தலை சுற்றி அடுக்களையில் விழுந்தேன். வாரம் ஒருமுறை வாசலில் நின்று காய்ச்சல் உண்டா என்று விசாரிக்கும் ஆஷா பணியாளர் பிந்து அன்று வந்தது என் நல்ல காலம். "அய்யோ அம்மச்சி, எந்து பற்றி?" என்று, என்ன ஆயிற்று எனக் கேட்டுக்கொண்டே ஓடிவந்து தூக்கினாள்.

மருத்துவமனையில் எலும்பு முறிவு இல்லை என்றார்கள். நான் பிந்துவிடம் மறதியைப் பற்றி உளறியிருந்ததால் மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். அந்தக் கதவுக்குள் போனால் என் வீட்டுக்கு நான் திரும்பமாட்டேன் என்றே நம்பினேன்.

டாக்டர் இளம் பெண். தேதி கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார், தைராய்டு (கழுத்துச் சுரப்பி), சோடியம் (இரத்தத்திலுள்ள உப்புச் சத்து) பரிசோதனைகள் எழுதினார். பிறகு, "அம்மச்சி கடைசியா ஒரு ஆள்கிட்ட உள்ளதைப் பேசினது எப்போ?" என்றார். அழுதுவிட்டேன்.

சோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது மனச்சோர்வு (வாரக்கணக்கில் விடாத மனவாட்டம்; பசி, தூக்கம், நினைவு எல்லாவற்றையும் கெடுக்கும்). முதியவர்களுக்கு அது மறதிநோய் போலவே தோன்றுமாம். "ஆறு மாசம் கழிஞ்சு திரும்பவும் பாக்கணும். பேடிக்கண்டா" என்றார். பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா?

அதற்கான மாத்திரை தொடங்கிய முதல் வாரம் குமட்டல். உங்களுக்கும் அப்படி வந்தால் நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். ஆறாம் வாரம் பசித்து, கஞ்சிக்கு இரண்டாம் முறை பயறு போட்டுக்கொண்டேன்.

எல்லை திறந்த அன்றே ஜெயா வந்தாள். முற்றத்தில் முகக்கவசத்தோடு நின்றாள். கட்டிப்பிடிக்க இருவருக்கும் தைரியமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"எக்கா, உனக்கு போன் பண்ணும்போ நானும் பாதி நாளு மியூட்டுலதான் இருந்தேன். அழுத சத்தம் உனக்குக் கேட்டுரும்னு பேடி" என்றாள்.

ஒருவருக்கொருவர் பயந்து, இருவருமே சத்தமில்லாமல் இருந்திருக்கிறோம்.

ஆறு மாதப் பரிசோதனையில் மறதி மோசமாகவில்லை என்றார்கள். மறதிநோய் இனி வராது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பெயர் நினைவுக்கு வர நேரமானால் இன்றும் அம்மாவின் ஞாபகம் வருகிறது. இந்த உடம்பை முன்புபோல நம்புவதில்லை. அடுத்த வருடத்தைப் பற்றி யோசிப்பதையும் விட்டுவிட்டேன். ஒரு குரல் கேட்டதிலிருந்து அடுத்த குரல் கேட்கும்வரை, அவ்வளவுதான் என் நாள்.

ஜெயா பத்து மணிக்குப் பேசுவதாகச் சொல்லியிருந்தாள். மணி பத்தேகால். எழுதிக்கொண்டிருக்கும் இதை இப்படியே வைத்துவிட்டு அவளைக் கூப்பிடப் போகிறேன். சொகம் தானா என்று கேட்கமாட்டேன்; உள்ளதைச் சொல்லு என்பேன்.